செம்பில் படம் கீறிய முகுல் டே

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல வைத்தியம் சார்ந்த ஒன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பார்கள். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் பேசுவதற்கு வேறு மேடைகள் பல உண்டு. இம்முறை எமது பாடசாலையின் சித்திர அறைக்கு ஒரு தடவை திரும்பிப் போக விரும்புகிறோம்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் படித்தவர்களுக்கு அந்த அறை நினைவிருக்கும். மின்சாரம் இல்லை. வர்ணப்பெட்டி கிடைப்பது அரிது. கொப்பியின் இரு பக்கங்களையும் நிரப்பிய பின் ஓரங்களிலும் எழுதிய காலம் அது. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்துப் பூக்களாகப் பதித்தோம். உருளைக்கிழங்கில் அச்சு வெட்டுவதென்றால் முதலில் அம்மாவிடம் அனுமதி பெறவேண்டும். ஒரு நாள் சித்திர ஆசிரியை உடைந்த யன்னல் கண்ணாடித் துண்டொன்றை மண்ணெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே பிடித்துக் கரி ஏற்றினார். பிறகு ஓர் ஈர்க்கைக் கையில் தந்து படம் கீறச் சொன்னார். ஈர்க்கு போன வழியெல்லாம் கரி விலகி வெளிச்சம் தெரிந்தது. நாம் ஒரு பனையையும் ஒரு கிணற்றையும் கீறினோம். இதே வேலையைச் செப்புத் தகட்டில் செய்து உலகம் அறியப் பெயர் எடுத்த வங்காளி ஒருவர் இருந்தார் என்று சொல்லிய ஆசிரியை, பழைய சஞ்சிகையொன்றிலிருந்து வெட்டி வைத்திருந்த படமொன்றைக் காட்டினார். ஆற்றங்கரை, ஓர் ஓடம், சில மனிதர்கள். அந்தக் கறுப்பு வேறு எந்தப் படத்திலும் நாம் காணாத கறுப்பாக இருந்தது. முகுல் டே என்ற பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்டோம்.

எங்கள் ஊரில் படம் வரைவதில்லை, படம் கீறுகிறோம். அந்தச் சொல் முழுமையாகப் பொருந்தும் ஒரு கலைஞர் உண்டென்றால் அவர் முகுல் டேதான். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகவேனும் எமது சகோதரிகளுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாந்திநிகேதன் மாணவன்

முகுல் சந்திர டே 1895 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் திகதி, இன்றைய பங்களாதேசத்தின் டாக்காப் பகுதியிலுள்ள ஸ்ரீதர்கோலா என்னும் கிராமத்தில் பிறந்தார். ரவீந்திரநாத் தாகூர் 1901 இல் சாந்திநிகேதனில் மரநிழலில் தொடங்கிய பாடசாலைக்குச் சிறு வயதிலேயே படிக்க வந்தார். புத்தகப் படிப்பைவிடப் படம் கீறுவதில் அவருடைய கை முந்தியது. அதைக் கண்டுகொண்ட தாகூர், தமது சகோதரர் மகன் முறையான அவனீந்திரநாத் தாகூரிடம் கல்கத்தாவில் ஓவியம் பயில அவருக்கு வழி செய்தார். இந்தியச் சிற்றோவிய மரபையும் யப்பானிய நீர்வர்ண முறையையும் இணைத்துப் புதிய வங்காள ஓவியப் பாணியை உருவாக்கிக்கொண்டிருந்தவர் அவனீந்திரநாத்.

முகுலின் குடும்பத்தில் கலை ஒருவரோடு நிற்கவில்லை. தம்பி மனிஷி டேயும் ஓவியர். தங்கை ராணி சந்தா ஓவியராகவும் எழுத்தாளராகவும் விளங்கினார். 1942 இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்ற ராணி, அங்கே கண்ட பெண்களின் வாழ்வைப் பின்னர் நூலாக எழுதினார். அவனீந்திரநாத்தின் முதுமைக்கால நினைவுகளைப் பக்கத்திலிருந்து கேட்டு எழுதி வங்காளிகளுக்குக் கிடைக்கச் செய்தவரும் அவரே. பெண்பிள்ளைகளின் பாடசாலை மலரில் அந்தத் தங்கையைக் குறிப்பிடாமல் அண்ணனைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

1916: கப்பலேறிய இளைஞன்

1916 மே மாதம் தாகூர் யப்பானுக்குப் புறப்பட்டபோது அவரோடு மூவர் சென்றனர். பியர்சனும் சி. எஃப். அன்ட்ரூஸும் ஆங்கிலேயர்கள். மூன்றாமவர் முகுல் டே. அவருக்கு அப்போது 21 வயதுகூட நிரம்பவில்லை. யொக்கோஹாமாவில் பட்டு வணிகர் ஹாராவின் பெரிய தோட்ட மாளிகையில் தங்கியிருந்த நாட்களில், யோக்கோயாமா தைக்கான், ஷிமோமுரா கான்சான் ஆகிய பெரிய ஓவியர்களிடம் பாடம் கேட்கும் பேறு அவருக்குக் கிட்டியது. தைக்கான் பல ஆண்டுகளுக்கு முன்னரே கல்கத்தா வந்து அவனீந்திரநாத்துடன் பழகியவர். ஆகவே குருவின் நண்பரிடம் சீடன் போய்ச் சேர்ந்தான் என்றுதான் சொல்லவேண்டும்.

செப்டெம்பரில் பயணம் அமெரிக்காவுக்குத் தொடர்ந்தது. தாகூர் நகரம் நகரமாகச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருக்க, முகுல் சிக்காகோவில் வேறொரு வகுப்பில் அமர்ந்தார். எட்சிங் எனப்படும் அமிலப் பொறிப்புக் கலையை ஜேம்ஸ் பிளான்டிங் ஸ்லோன் என்ற கலைஞரிடம் அவர் கற்கத் தொடங்கியது அங்கேதான். அச்சுக்கலையை ஒரு கலையாகவே கற்பதற்கென்று வெளிநாட்டில் மாணவராக அமர்ந்த முதல் இந்தியர் என அவரைக் குறிப்பிடுவர்.

அந்த வாசலை அவருக்குத் திறந்துவிட்டவர் ஒரு பெண்மணி. பேர்த்தா ஜாக்கஸ் என்னும் அவர், 1893 இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் எட்சிங் படங்களைப் பார்த்து மயங்கித் தாமாகவே அக்கலையைக் கற்றவர். கற்றுத்தர ஆள் இல்லை, கருவியும் இல்லை. அவருடைய கணவர் ஒரு வைத்தியர். சத்திரசிகிச்சைக் கருவிகளை உருமாற்றி மனைவிக்கு முதல் பொறிப்பு ஊசிகளைச் செய்து கொடுத்தவர் அவர்தான். 1910 இல் சிக்காகோ எட்சிங் கலைஞர் சங்கம் உருவானபோது அதை நிறுவியவர்களில் ஒருவராகவும் பின்னர் நெடுங்காலம் அதன் செயலாளராகவும் பேர்த்தா இருந்தார். கடல் கடந்து வந்த வங்காள இளைஞன் அச்சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினரானதும் அவர் முயற்சியாலேயே. கத்தியும் ஊசியும் புழங்கும் தொழிலில் இருக்கும் எமக்கு, அந்த வைத்தியரின் மேசையிலிருந்து கலைஞரின் மேசைக்குப் போன கருவிகளை நினைக்கும்போதெல்லாம் ஒரு மகிழ்ச்சி உண்டாகும்.

தகடு, மெழுகு, திராவகம்

முகுல் அங்கே கற்றது என்ன என்பதை விளக்கவேண்டும். ஏனெனில் எமது பாடசாலையில் இதை யாரும் செய்து பார்த்ததில்லை.

செப்புத் தகடொன்றை மினுக்கி, ஓரங்களைச் சரிவாக அராவி, அதன்மேல் தேன்மெழுகு, நிலக்கீல், குங்கிலியப் பிசின் ஆகியவை கலந்த பூச்சை மெல்லியதாகப் பரப்புவார்கள். பிறகு தகட்டைத் தலைகீழாகப் பிடித்துத் திரிச்சுடரின் புகையால் கறுப்பாக்குவார்கள். எமது ஆசிரியை கண்ணாடிக்குச் செய்த அதே வேலை. இனி ஊசியால் கீறினால் கறுப்புக்குள் செம்பு பளிச்சிடும். ஊசி மெழுகைத்தான் விலக்குகிறது. உலோகத்தைக் கீறுவது திராவகம். தகட்டை நைத்திரிக் அமிலக் கரைசலில் இட்டால், மெழுகு மூடிய இடத்தில் அமிலம் தொடாது. கீறிய இடத்தை அரிக்கும். கோடுகளில் எழும் குமிழிகளைப் பறவை இறகால் மெதுவாகத் தடவி நீக்குவார்கள். மெல்லிய கோடாக வேண்டியவற்றைச் சில நிமிடங்களில் வெளியே எடுத்து வார்னிஷால் அடைத்துவிட்டு, கடுங்கோடாக வேண்டியவற்றை மீண்டும் அமிலத்தில் இடுவார்கள். ஆழமான கோடு அதிக மையைப் பிடிக்கும். அச்சில் அதிகக் கறுப்பாகத் தெரியும். ஆகவே இந்தக் கலையில் கறுப்பின் அளவைத் தீர்மானிப்பது கையின் அழுத்தமன்று, மணிக்கூடு.

பிறகு மெழுகை நீக்கி, தகடு முழுவதும் மை பூசி, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். மேற்பரப்பில் மை போய்விடும், கோட்டுக்குள் தங்கும். நனைத்து ஈரம் ஒற்றிய கடதாசியைத் தகட்டின் மேல் வைத்து, அதன்மேல் கம்பளி விரித்து, இரண்டு இரும்பு உருளைகளுக்கு இடையே செலுத்தினால், கடதாசி கோட்டுக்குள் இறங்கி மையை எடுத்துவரும். ஒவ்வொரு பிரதிக்கும் இவ்வளவு வேலையையும் முதலிலிருந்து செய்யவேண்டும். ஒவ்வொன்றும் கலைஞரின் கையால் பிறப்பதால் ஒவ்வொன்றும் மூலப்படமே.

அக்காலத்து இந்தியாவில் அச்சுப்படம் என்றால் பிரதி எடுக்கும் தொழில் என்றே கருதப்பட்டது. ரவிவர்மாவின் தெய்வப்படங்கள் வீடுதோறும் தொங்கின. ஆனால் அவை தூரிகையால் தீட்டிய ஓவியங்களின் அச்சுப் பிரதிகள். தகட்டிலேயே சிந்தித்து, தகட்டுக்காகவே கீறி, தாமே அச்செடுக்கும் கலைஞராக முகுல் டே நாடு திரும்பினார்.

மீண்டும் மாணவராதல்

1917 இல் ஊர் வந்தவர் வகுப்புகள் எடுத்தும், பிரமுகர்களை நேரில் இருத்தி உருவப்படம் கீறி விற்றும் வாழ்ந்தார். அந்தப் பென்சில் படங்களில் பலவற்றைத் தகட்டுக்கும் மாற்றினார். இதற்கிடையில் அஜந்தா, பாக் குகைகளுக்குச் சென்று, இருளில் அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பார்த்துப் பிரதி செய்தார். அந்த அனுபவங்களைக் கூறும் அவருடைய நூல் 1925 இல் லண்டனில் வெளியானது.

அந்நேரத்தில் அவர் ஓரளவு பெயர் பெற்ற கலைஞர். அதோடு நிறைவு கண்டிருக்கலாம். ஆனால் சிக்காகோவில் கற்றது சில மாதப் படிப்பு என்பதை அவரே நன்கு அறிந்திருந்தார். 1920 இல் மறுபடியும் கப்பலேறி லண்டன் சென்று 25 ஆம் வயதில் மாணவர் வரிசையில் அமர்ந்தார். ஸ்லேட் கலைப் பள்ளியிலும் றோயல் கலைக் கல்லூரியிலும் படித்தார். கல்லூரியில் பொறிப்புக்கலையைக் கற்பித்தவர் சேர் பிராங் ஷோர்ட். மறைந்துகொண்டிருந்த பழைய தகட்டு முறைகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் அவர். 1922 இல் முகுல் கல்லூரியின் பட்டயத்தைப் பெற்றார்.

லண்டனின் தொடக்க நாட்களில் அவர் அணுகிப் பயின்ற இன்னொருவர் ஸ்கொட்லாந்துக் கலைஞர் மியூர்ஹெட் போன். முதலாம் உலகப் போரில் பிரித்தானியா நியமித்த முதல் உத்தியோகபூர்வப் போர் ஓவியர் இவரே. போன் வல்லவராக விளங்கிய முறை ட்ரைபொயின்ற் எனப்படுவது. அதில் மெழுகும் இல்லை, அமிலமும் இல்லை. கூரிய எஃகு ஊசியால் செம்பை நேரடியாகக் கீறவேண்டும். ஏர் போன சாலின் இருபுறமும் மண் எழுவதுபோல, கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும். அந்தப் பிசிறு மையை வாரிப் பிடித்துக்கொள்வதால், அச்சில் கோடு பட்டுத்துணியின் ஓரம்போல மென்மையாகப் பரவும். சிறு வயதில் ஆசிரியை காட்டிய படத்தில் எம்மைத் தடுத்து நிறுத்திய கறுப்பு அதுதான்.

அந்த அழகுக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு முறை உருளைக்குள் போகும்போதும் பிசிறு கொஞ்சம் நசியும். சில பத்துப் பிரதிகளுக்குள் கோடு வெறுங்கோடாகிவிடும். அதனால்தான் இத்தகைய படங்களின் அடியில் மொத்தம் எத்தனை பிரதிகள், இது எத்தனையாவது என்று கலைஞர் பென்சிலால் எழுதி ஒப்பமிடுகிறார்.

முகுல் டேயின் சிறந்த படங்கள் பல இம்முறையிலேயே ஆனவை. கருவியையும் கைப்பழக்கத்தையும் லண்டனில் பெற்றார். கீறியதோ கங்கையைக் கடக்கும் ஓடங்கள், படித்துறையில் நீராடுவோர், கல்கத்தாச் சந்தை, ஒற்றைத் தந்தி மீட்டிப் பாடும் பாவுல் பாடகர்கள், பீர்பூம் கிராமங்களின் சாந்தால் மக்கள். சில அச்சுகளுக்குப் பின்னர் கையால் மெல்லிய நீர்வர்ணம் பூசினார். அவனீந்திரநாத்திடம் கற்ற பாடம் அங்கே திரும்பி வந்தது. தாகூர், அவனீந்திரநாத், காந்தியடிகள், அன்னி பெசன்ட் அம்மையார் முதலானோரின் உருவங்களையும் பதிந்து வைத்தார். எந்தத் தகட்டைப் பார்த்தாலும் இது வங்காளத்தில் பிறந்தவன் கீறியது என்று தெரியும். அவர் மேலைநாட்டு முறையைக் கற்றதில் எமக்கு வியப்பில்லை. கற்ற முறை தம் ஊரைப் பார்க்கும் கண்ணை மாற்றிவிடாமல் காத்துக்கொண்டாரே, அதுதான் பெரிது.

அதிபர் நாற்காலியில்

1927 இல் நாடு திரும்பிய முகுல் டே, அடுத்த ஆண்டு கல்கத்தா அரசினர் கலைப் பள்ளியின் அதிபராக நியமிக்கப்பட்டார். அதுவரை ஆங்கிலேயரே நிரந்தரமாக வகித்த அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். வயது 33. 1943 வரை, 15 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

அக்காலத்தில் அவர் செய்தவற்றில் இரண்டை மட்டும் சொல்வோம். தாகூர் தமது முதுமையில் ஓவியம் தீட்டத் தொடங்கியிருந்தார். ஐரோப்பாவில் அவற்றுக்கு வரவேற்புக் கிடைத்தாலும் சொந்த ஊரில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. 1932 இல் கலைப் பள்ளியிலேயே அப்படங்களுக்கென ஒரு கண்காட்சியை முகுல் ஏற்பாடு செய்தார். தன்னைக் கப்பலில் அழைத்துச் சென்ற குருவுக்கு மாணவன் திறந்த கதவு அது. இரண்டாவது, காளிகாட் கோயில் வாசலில் காசுக்கு விற்கப்பட்ட படங்களை அவர் தேடிச் சேகரித்து, அவற்றைப் பற்றி அதே ஆண்டில் எழுதினார். படித்தவர்கள் மலிவானவை என்று ஒதுக்கியிருந்த அப்படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அவர் அதிபராக இருந்த காலத்தில் அங்கே பயின்றவர்களில் ஒருவர் சபியுத்தீன் அகமது. அவர் பிரிவினைக்குப் பின் டாக்கா சென்று அங்கே அச்சுக்கலையை வேரூன்றச் செய்தார். அதற்கு முன் கல்கத்தாவில் சபியுத்தீனிடம் அச்சுக்கலை பயின்ற சோம்நாத் ஹோர், 1943 வங்காளப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டு கீறியவர். பிற்காலத்தில் சாந்திநிகேதனில் கற்பித்த சோம்நாத், மையே இல்லாமல் வெள்ளைக் கடதாசிக் கூழில் காயங்களை மட்டும் பதித்த படங்களை உருவாக்கினார். காயத்தைத் தினமும் பார்க்கும் எமக்கு அப்படங்களின் முன்னால் நின்று பேச வார்த்தை வராது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு இக்கலை சென்ற வழி இதுதான்.

முகுல் டே தமது பிற்காலத்தைச் சாந்திநிகேதனில் சித்ரலேகா என்று பெயரிட்ட வீட்டில் கழித்தார். ஐம்பதுகளில் சிறிது காலம் டில்லித் தேசிய நவீன கலைக்கூடத்தின் பொறுப்பாளராகவும் இருந்தார். பீர்பூம் மாவட்டத்தின் சுடுமண் கோயில்களைப் பதிவு செய்து நூலாக்கினார். நந்தலால் போஸைப்போல அவர் பெயர் வீடுதோறும் பரவவில்லை. கலையுலகின் நாட்டம் வேறு திசைகளுக்குப் போய்விட்டது. 1989 மார்ச் 1 ஆம் திகதி, 93 ஆம் வயதில், படிக்க வந்த அதே சாந்திநிகேதனில் கண்மூடினார்.

பழைய முறையும் புதிய முறையும்

அவருக்குப் பின் இக்கலை வெகுதூரம் வந்துவிட்டது. ஆந்திராவில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, சென்னைக் கலாக்ஷேத்திராவில் சில காலம் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி, பின்னர் பாரிஸ் சென்று ஹேய்ட்டரின் அச்சுக்கூடத்தில் ஒரே தகட்டிலிருந்து பல வர்ணங்களை ஒரே தடவையில் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். எண்ணெய் கூடிய மை, எண்ணெய் குறைந்த மையை ஏற்காது என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை. கடினமான உருளை தகட்டின் மேட்டை மட்டும் தொடும். மிருதுவான உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கும்.

புதிய முறைகளில் எமக்கு, வைத்தியர் என்ற வகையில், இன்னொரு காரணத்தாலும் அக்கறை உண்டு. நைத்திரிக் அமிலத்தின் கபில நிறப் புகையை அதிகம் சுவாசித்தவர் அந்நேரம் இருமிவிட்டு வீடு போய்விடலாம். பல மணிநேரம் கழிந்தபின் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். குங்கிலியத் தூளைப் பரப்பி நிழல் உண்டாக்கும் முறையும் நெஞ்சுக்கு நல்லதன்று. முகுல் டேயின் காலத்தில் இவை பற்றி அதிகம் பேசப்படவில்லை. இன்று பல அச்சுக்கூடங்களில் செம்புக்கு பெரிக் குளோரைட் கரைசலும், அலுமினியம், நாகம் ஆகியவற்றுக்கு எங்கள் தோட்டக்காரர் நன்கறிந்த மயில்துத்தத்தோடு கறியுப்பும் பயன்படுகின்றன. இவற்றுக்கும் கையுறையும் கண்ணாடியும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். ஆனாலும் நைத்திரிக் புகையின் பயம் இல்லை. ட்ரைபொயின்றுக்கோ எந்த இரசாயனமும் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் தகடே போதும். வைத்தியசாலைகளில் கழித்து ஒதுக்கும் பழைய எக்ஸ்றே பிலிமில்கூட, நோயாளர் விபரத்தை வெட்டி நீக்கிவிட்டுக் கீறலாம்.

இவற்றைப் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குத் தெரிவான அன்று சித்திரக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்த நாம், கால் நூற்றாண்டு கழித்து, மேற்பயிற்சிக்காக வெளிநாட்டில் இருந்தபோது வார இறுதி வகுப்பொன்றில் ஊசி பிடித்தோம். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எம்மிலும் இளையவர்கள். தையல் போடும்போது நடுங்காத கை அன்று நடுங்கியது. எமது பாடசாலை முகப்பை நினைவிலிருந்து கீறினோம். அச்செடுத்துக் கடதாசியை உரித்தபோது படம் இடம்வலமாக மாறியிருந்தது. மணிக்கூண்டு மதிலின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. பெயர்ப்பலகையை யாராலும் வாசிக்க முடியாது. தகட்டில் கீறுவதெல்லாம் அச்சில் திரும்பும் என்பதைப் பாடமாகக் கேட்டிருந்தும் கை மறந்துவிட்டது. சிரித்தோம். பிறகு, முகுல் டே 25 வயதில் மீண்டும் மாணவராக அமர்ந்தாரே என்று நினைத்து அடுத்த தகட்டை எடுத்தோம்.

எங்கள் ஊரை யார் கீறுவது?

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில் போதகராக இருந்த பால்டேயஸ், 1672 இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலில் எங்கள் குடாநாட்டுத் தேவாலயங்களின் படங்கள் உள்ளன. தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவற்றில் உண்டு. செப்புத் தகட்டிலிருந்து அச்சான அப்படங்கள் எங்கள் ஊருக்குக் கிடைத்த மிகப் பழைய அச்சுருவங்களுள் சேரும். அவற்றைச் செம்பில் வெட்டியது ஒல்லாந்தின் கை.

எழுத்தைப் பொறுத்தவரை எங்கள் முன்னோர் வேறு வழி கண்டார்கள். 1820 இல் அமெரிக்க மிஷனுக்கு அச்சியந்திரம் வந்தபோது, உடன் வந்த அச்சாளரை ஆங்கில அரசு இங்கே தங்க விடவில்லை. பின்னர் மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கியது. 1849 இல் ஆறுமுகநாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பிறர் அச்சிட்டதைப் படித்துக்கொண்டிருந்த ஊர், அதன்பின் தானே அச்சிட்டது. ஓலைச்சுவடியில் ஒரு பிரதியாக இருந்த நூல்கள் பல பிரதிகளாகின. ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதை 1981 இல் நூலகம் எரிந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எழுத்துக்கு நடந்தது படத்துக்கும் நடக்கவேண்டும் என்பதே எமது ஆசை. 1995 இடப்பெயர்வில் ஆல்பங்களை விட்டுச் சென்ற வீடுகள் எத்தனை? அந்த வீட்டு முற்றமும் படலையும் கிணற்றுக்கட்டும் இன்று பலருக்கு மனத்தில் மட்டுமே உள்ளன. ஒரு பிள்ளை அவற்றைத் தகட்டில் கீறினால், ஒரு பிரதி ரொறொன்ரோவிலும் ஒன்று லண்டனிலும் ஒன்று சிட்னியிலும் ஒன்று பாடசாலை மண்டபத்திலும் தொங்கும். அத்தனையும் மூலப்படங்கள்.

ஆகவே நூற்றாண்டை ஒட்டி எமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். சித்திர அறைக்கு ஒரு சிறிய உருளை அச்சியந்திரம் வாங்குவோம். மேசைமேல் வைக்கக்கூடியது போதும். அமிலம் வேண்டாம்; ட்ரைபொயின்றில் தொடங்குவோம். பாதுகாப்பு ஒழுங்குகளை எழுதித்தர நாம் தயார். வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளில் இக்கலை தெரிந்தவர்கள், விடுமுறைக்கு ஊர் வரும்போது இரண்டு நாட்களைப் பிள்ளைகளுக்குத் தாருங்கள். தெரியாதவர்கள், அந்தந்த ஊரில் வார இறுதி வகுப்பொன்றில் சேர்ந்து கற்றுக்கொண்டு வாருங்கள். கற்றுக்கொள்வதற்கு வயது போய்விட்டதென்று எமக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் சாக்கை நாமும் நீண்டகாலம் சொல்லி வந்தவர்கள்தாம்.

சங்கம் மேலும் பல நூற்றாண்டுகள் வாழ வாழ்த்துகிறோம். கரி பிடித்த கண்ணாடித் துண்டொன்றால் எமக்கு இந்த உலகத்தைக் காட்டிய எமது சித்திர ஆசிரியைக்கு இக்கட்டுரை காணிக்கை.